பதினான்கு படிகளுக்கு ஒரு பசை

பதினாறு வருடமாக நான் பசை விற்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமாவது "பார்க்கலாம்", "யோசிக்கலாம்" என்று நான் இழுத்தேன் என்று யாராவது நிரூபித்தால் என் பெயரையே மாற்றிக்கொள்கிறேன் என்று சவால் விட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது அந்தச் சவாலை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுடையது பெரிய ஹார்டுவேர் கடை. நுழைந்ததும் இடது பக்கம் பெயிண்ட், வலது பக்கம் குழாய்ச் சாமான், நட்டநடுவில் என் கவுண்டர். உலகத்தில் ஒட்டுகிறது எதுவானாலும் என்னிடம்தான். யார் வந்தாலும் மூன்றே கேள்விதான் கேட்பேன். எதை ஒட்டணும்? எது மேல ஒட்டணும்? அந்த இடத்துல தண்ணி படுமா, வெயில் படுமா, கால் படுமா? பதில் வருவதற்குள் ட்யூப் மேஜைமேல் இருக்கும். இதனால் கடையில் எனக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பட்டப்பெயர். முதலாளியே "அந்த ரெண்டு நிமிஷத்தைப் போய்க் கேளுங்க" என்றுதான் ஆட்களை என் பக்கம் அனுப்புவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இந்தப் பெருமையெல்லாம் காற்றில் பறந்தது.

ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. சட்டைக் கைகளை இரண்டு பக்கமும் அளந்து பார்த்தாற்போல் ஒரே உயரத்துக்கு மடித்துவிட்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தார். ஒரு டைல் துண்டு, ஒரு ஜாண் நீளத்தில் அலுமினியப் பட்டி. பையிலிருந்து கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து, அந்த டைலை நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகுதான் என் கவுண்டரில் வைத்தார். என் கவுண்டரில் பதினாறு வருடத்துப் பசைக் கறை. அதன்மேல் வைப்பதற்கு டைலைத் துடைத்த மனிதரை அன்றுதான் பார்க்கிறேன்.

"மேடம், படியோட ஓரத்துல இந்தப் பட்டிய ஒட்டணும். டைல்ஸ் படி. என்ன பசை போடலாம்?"

"ஸ்க்ரூ அடிக்கலாமே சார்?"

"வீட்டுக்காரர் விடமாட்டேங்கிறார். ஓட்டை போட்டா டைல் விரிஞ்சுடுமாம். மாடியில நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். மூக்குக் கண்ணாடி. பதினாலு படி, எல்லாம் வழவழன்னு ஒரே வெளிர் மஞ்சள். ஏறி வர்றவங்க யாருக்கும் எந்தப் படி எங்க முடியுதுன்னு தெரியல."

"கொஞ்சம் பாத்து ஏறச் சொல்லுங்க."

"பாத்து ஏறத் தெரிஞ்சா எதுக்கு மேடம் என் கடைக்கு வரப் போறாங்க?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிக்கும்போது நெற்றியில் இருந்த கண்ணாடி நழுவி மூக்கில் இருந்த கண்ணாடிமேல் 'டக்' என்று உட்கார்ந்தது. இரண்டு கண்ணாடி வழியாகவும் சேர்த்து என்னைப் பார்த்தார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உலோகம், பளபளப்பு டைல், கால் படுகிற இடம் என்றால் ஒரே விடைதான்: பி.யூ. பசை, சாம்பல் நிற ட்யூப். இறுக்கமாகவும் பிடிக்கும், மிதிக்கும்போது கொஞ்சம் விட்டும் கொடுக்கும். என் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருக்கிறது. கையை நீட்டினால் போதும்.

என் வாய் சொன்னது: "பாக்கணும் சார்."

பெயிண்ட் பக்கம் ஒரு டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. அங்கே நிற்பது என் அண்ணி. என் அண்ணனின் மனைவி. வீட்டிலும் அவள், கடையிலும் அவள். நான் தும்மினால்கூட எத்தனை தும்மல் என்று அவளிடம் கணக்கு இருக்கும். "பாக்கணும்" என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பசைக் கவுண்டரில் நிற்பவளுக்கென்று ஒரு தலையெழுத்து உண்டு. பெயிண்ட் வாங்கினவர் இரண்டாவது பூச்சுக்கு வருவார். குழாய் வாங்கினவர் வாஷருக்கு வருவார். பசை வாங்கினவர் மட்டும், பசை நல்லதாக இருந்துவிட்டால், திரும்பி வரவே மாட்டார். ஒட்டினது ஒட்டினபடி இருக்கும், என்னிடம் அவருக்கு என்ன வேலை? அப்படியே வந்தாலும் சண்டை போடத்தான் வருவார். இத்தனை நாள் அது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்குத்தான் அது நஷ்டமாகத் தெரிந்தது. சரியான பசையை எடுத்துக் கொடுத்தால் இந்த மனிதர் இரண்டே நிமிடத்தில் போய்விடுவார். அப்புறம் இந்தச் சிரிப்பை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

எனவே பிரசங்கம் ஆரம்பித்தேன். "எபாக்ஸி இருக்கு சார், கல்லு மாதிரி பிடிக்கும். ஆனா மிதிச்சு மிதிச்சு அதிர்ற இடத்துல, கல்லு மாதிரியே ஒருநாள் பட்டுனு விட்டுடும். சிலிகான் நல்லா வளைஞ்சு கொடுக்கும், ஆனா ஓரத்துல நெம்பினா தோலு மாதிரி உரிஞ்சு வரும். ரப்பர் பசை உடனே பிடிக்கும், வெயில் பட்டா இளகிடும். நாலாவதா..." என்று ஆரம்பித்து, நாலாவதை அப்படியே மென்று விழுங்கினேன். "மூணையும் கொஞ்சம் கொஞ்சம் தர்றேன். ஒட்டிப் பாருங்க. ஏழு நாள் அப்படியே விட்டு, எடுத்துட்டு வாங்க."

ஒருநாள் விட்டாலே தெரிந்துவிடும். ஏழு நாள் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து, எறும்பு அளவு எழுத்தில், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். 'ஏழு நாள்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

அவர் வாசலைத் தாண்டியதும் அண்ணி கலர் கார்டோடு வந்துவிட்டாள். நூற்றியிருபது நிறம் போட்ட அட்டை. அதை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"உன் மூஞ்சி என்ன கலர்னு பாக்கறேன். இந்த ரோஸ் இதுல இல்லயே. கம்பெனிக்கு எழுதிப் போடணும். அது சரி நாத்தனாரே, ஏழு நாளுன்றது டைலுக்கா, உனக்கா?"

"போய் வேலையப் பாருங்க."

"பாக்கணும்," என்றாள், நான் இழுத்த மாதிரியே இழுத்து.

அடுத்த செவ்வாய்க்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். நான் அன்று ஒன்பது மணியிலிருந்து கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்தார். டைல்மேல் மூன்று துண்டுப் பட்டிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே எறும்பு எழுத்தில் பசையின் பெயர். நான் இடுக்கியால் பிடித்து இழுத்தேன். எபாக்ஸி அசையவில்லை. சிலிகான் அசையவில்லை. ரப்பர் பசைகூட ஆணி அடித்தாற்போல் நின்றது. எனக்குப் பகீரென்றது. மூன்றுமே பிடித்துவிட்டால் எதையாவது ஒன்றைக் கொடுத்து அனுப்பத்தானே வேண்டும்?

டைலைத் திருப்பினேன். அதுவரை கீழே கிடந்த வழவழப்பான முகம் என்னைப் பார்த்துப் பளபளத்தது.

"சார்! இது டைலோட முதுகு! முதுகுல ஒட்டியிருக்கீங்க!"

டைலின் பின்பக்கம் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பாக இருக்கும். அதில் சோற்றுப் பருக்கையை வைத்தாலும் ஒட்டும். அவர் முதலில் மூக்குக் கண்ணாடியால் பார்த்தார், அப்புறம் நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அடடா," என்றார். "அப்போ திரும்ப ஏழு நாளா?"

"திரும்ப ஏழு நாள் சார்," என்றேன். கவுண்டருக்குக் கீழே என் கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை. நல்லவேளை, அது யாருக்கும் தெரியாது. அண்ணியைத் தவிர.

அந்த வாரக் கடைசியில் அண்ணி ஒரு மணி நேரம் லீவு போட்டுவிட்டுப் போய், கடைக்குத் திரும்பி வரும்போது மூக்கில் புத்தம்புதுக் கண்ணாடியோடு வந்தாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்."

"உங்களுக்குக் கண்ணுல என்ன?"

"பவர் ஒண்ணும் இல்லையாம். சும்மா கண்ணாடிதான். ஆனா அவருக்குப் பொண்டாட்டியும் இல்லயாம். கல்யாணமாகி ரெண்டே வருஷத்துல பிரிஞ்சு, அதுவும் பத்து வருஷம் ஆச்சாம்."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?" என் குரல் கீச்சென்றது.

"எதிர்ல உக்கார வச்சு, ஒரு கண்ணை மூடுங்க, இப்போ தெரியுதா, இப்போ தெரியுதான்னு அவர் கேட்டாரு. நானும் கேட்டேன். கேள்விக்குக் கேள்வி."

எனக்கு வந்த கோபத்தில் அவளோடு சாயங்காலம் வரை பேசவில்லை. சாயங்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னும் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

இப்படியே ஐந்து வாரம் ஓடியது. டைலின் முகத்தில் ஒட்டிப் பார்த்ததில் சிலிகான் உரிந்தது, ரப்பர் பசை வழுக்கியது, எபாக்ஸி நின்றது. நான் விடுவேனா? எபாக்ஸியைத் தண்ணீர் வாளியில் ஒரு வாரம் போடச் சொன்னேன். மொட்டை மாடி வெயிலில் ஒரு வாரம் வைக்கச் சொன்னேன். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்தார். ஐந்தாவது செவ்வாய்க்கிழமை டைலை அவர் பிடித்துக்கொள்ள, பட்டியை இடுக்கியால் நான் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் கயிறு இழுக்கிற போட்டி மாதிரி இழுத்தோம். "இன்னும் கொஞ்சம் சார்!" "நீங்க விடாதீங்க மேடம்!" பட்டென்று எபாக்ஸி விட்டது. நான் பின்னால் போய் ட்யூப் அடுக்கில் மோதினேன். அவர் மல்லாக்கப் போய் அண்ணியின் பிரஷ் கூடைக்குள் உட்கார்ந்தார். தலையில் ஒரு பெயிண்ட் பிரஷ். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். "அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் முடியலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். கடையே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. அவர் கூடைக்குள் உட்கார்ந்தபடியே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆனால் அந்த வாரம் அவர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். கையில் பொட்டலம் இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"நேத்து ஒரு பெரியவர் கண்ணாடியை ரிப்பேருக்குக் குடுத்துட்டு வெறுங்கண்ணோட இறங்கினாரு மேடம். கடைசி மூணு படி இருக்கும்போதே தரை வந்துடுச்சுன்னு நெனச்சுக் காலை எடுத்து வச்சிட்டாரு. உக்காந்த வாக்குல சறுக்கிட்டுப் போயிட்டாரு."

"ஐயோ. அடியா?"

"கையில சிராய்ப்பு. வேற ஒண்ணும் இல்ல. டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஆனா ரொம்ப பயந்துட்டாரு. போதும் மேடம். டெஸ்ட் எல்லாம் வேணாம். எது நல்லதோ அதைக் குடுத்துடுங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் அசட்டுத்தனத்துக்கு இன்னொருத்தர் இடுப்பா பலி? சிராய்ப்போடு போனது அவர் அதிர்ஷ்டம். இடுப்பு உடைந்திருந்தால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? வெட்கமாக இருந்தது. திரும்பினேன், இரண்டாவது தட்டிலிருந்து சாம்பல் நிற ட்யூப் நான்கை எடுத்தேன், மேஜைமேல் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இதுதான் சார். பி.யூ. பசை. உங்க படிக்கு இதுதான் சரி. நாலு ட்யூப் போதும்."

அவர் ட்யூப்களைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் கிளம்பவில்லை. ட்யூப்களை வரிசையாக நிறுத்தினார், படுக்க வைத்தார், மறுபடி நிறுத்தினார். இதோ, போகப் போகிறார். ஒட்டப் போகிறார், அது நிற்கப் போகிறது, நான் இந்த மனிதரை இனிமேல் பார்க்கப் போவதில்லை.

"உங்களுக்கு ஒட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது," என்றார். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு. நான் வந்து ஒட்டித் தர்றேன்."

பெயிண்ட் பக்கத்தில் இன்னொரு மூடி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கே போய்விட்டேன். குறுகலான தெரு. கீழே ஒரு தையல் கடை, ஷட்டர் போட்டிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு சுவருக்கு நடுவே நேராக மேலே போகிற பதினான்கு படிகள். அவர் சொன்னது உண்மைதான். கண்ணை லேசாகச் சுருக்கிப் பார்த்தால் படியே தெரியவில்லை, சறுக்குமரம் மாதிரி இருந்தது. செருப்பையும் கைப்பையையும் கீழேயே ஓரமாக வைத்துவிட்டு வேலையில் இறங்கினோம்.

முதல் படியில் அவருக்குப் பாடம் நடத்தினேன். "ஸ்பிரிட் போட்டுத் துடைங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா எந்தப் பசையும் நிக்காது. பட்டியோட உள்பக்கத்தை உப்புத்தாள் வச்சுத் தேய்ங்க, பளபளப்பு போகணும். டைலோட ஓரத்தையும் லேசாத் தேய்ங்க. இப்போ பாருங்க." பசைத் துப்பாக்கியை அழுத்தி, பட்டியின் உள்ளே வளைத்து வளைத்து ஒரு கோடு போட்டேன். படியோரத்தில் வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, அசையாமல் இருக்க மேலே டேப் ஒட்டினேன். "அவ்வளவுதான். அடுத்தது நீங்க."

அவர் அடுத்ததை ஒட்டினார். கண்ணாடிச் சட்டத்தில் சின்ன ஸ்க்ரூ போடுகிற கை. எனக்கு மேல் நேர்த்தி. ஒரு சொட்டுப் பசை வெளியே வழியவில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது படியில் பேச ஆரம்பித்தோம். நாற்பது சட்டம் போட்டுப் பார்த்துவிட்டு முதலில் எடுத்ததையே வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிச் சொன்னார். பல்செட்டை ஒட்டப் பசை கேட்டு வாயிலிருந்து கழற்றிக் காட்டினவரைப் பற்றி நான் சொன்னேன். ஆறாவது படியில் அவர் ஒருமுறை தன் கண்ணாடியைத் தானே இரண்டு மணி நேரம் தேடினதைச் சொன்னார். எட்டாவது படியில் நான் பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் பசை தடவி, மறந்துபோய் நானே அதில் உட்கார்ந்ததைச் சொன்னேன். இதை நான் அண்ணிக்குக்கூடச் சொன்னதில்லை. பதினொன்றில் அவர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். பதினாலாவது படியில் கடைசி டேப்பை அழுத்தி ஒட்டி, எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, ராணி மாதிரி திரும்பி நின்றேன்.

நான் மேலே நின்றேன். அவரும் மேலே நின்றார். கீழே, பதினான்கு படியிலும், ஈரப் பசை.

படிக்குப் பசை வாங்குகிற எல்லோருக்கும் நான் இனாமாகத் தருகிற அறிவுரை ஒன்று உண்டு. மேல் படியில ஆரம்பிச்சு ஒட்டிக்கிட்டே கீழ இறங்குங்க, தலைகீழாப் பண்ணிடாதீங்க. கொத்தனார்களிடம்கூட விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

"சார்," என்றேன். "நாம மேல இருக்கோம்."

"ஆமா."

"வழி கீழ இருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணி, பதினாலு வரை வந்து நிறுத்தினார். அடுத்து நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பைச் சொல்லி மாளாது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். நிறுத்துவோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், மறுபடி ஆரம்பிப்போம்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"சாயங்காலம் ஆகும், கால் வைக்க."

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டி படியின் ஓரத்தில் மூன்று விரல் அகலம்தான். உள்ளே தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைக் குறுக்குவாட்டில் வைத்தால் யாரும் இறங்கிவிடலாம். பசைமேல் கால் படவே படாது. எனக்கு இது தெரியும். அவசரத்துக்கு அப்படி இறங்கச் சொல்லி எத்தனையோ பேருக்கு யோசனை சொன்னவளே நான்தான். சொல்லவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

அவர் கடை சின்னது. மூன்று பக்கச் சுவரிலும் சட்டங்கள், நடுநடுவே முகம் பார்க்கிற கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், பார்த்தால் நான்தான். கெட்டிலில் டீ போட்டுத் தந்தார். ஒவ்வொரு சட்டமாக எடுத்து எனக்குப் போட்டுப் பார்த்தார். வட்டக் கண்ணாடியில் ஆந்தை மாதிரி இருந்தேன். சதுரக் கண்ணாடியில் தலைமையாசிரியை மாதிரி இருந்தேன். ஒன்றைப் போட்டுவிட்டு அவர் கையை எடுக்க மறந்து நின்றார். "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

அப்போதுதானா கேட்க வேண்டும் அந்தக் குரல்!

"ஏ நாத்தனாரே! போன் அடிச்சா இங்க பைக்குள்ள அடிக்குது! செருப்பு இருக்கு, பை இருக்கு, ஆள எங்க?"

அண்ணி. நான் ஓடிப்போய் மேல் படிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே சாப்பாட்டுக் கேரியரோடு, பவர் இல்லாத அந்தப் புதுக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, அண்ணாந்து நிற்கிறாள். ஒரு காலை முதல் படிமேல் தூக்கிவிட்டாள்.

"ஏறாதீங்க அண்ணி! பசை ஈரம்!"

அவள் காலை இறக்கினாள். முதல் படியைப் பார்த்தாள், அப்படியே ஒவ்வொரு படியாகப் பார்வையை ஏற்றிக்கொண்டு வந்து என் முகத்தில் நிறுத்தினாள்.

"கீழேருந்து மேல ஒட்டினியா? நீயா?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா!" தெருவில் போன ஆள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "சரி, அதுக்கென்ன. உள்ள தள்ளி, காலக் குறுக்கால வச்சு, செவத்தப் புடிச்சுக்கிட்டு இறங்கி வா. நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ! இதுக்குப் போய் மேலயே உக்காந்திருக்கியா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "இறங்கலாமா?" என்றார், மெதுவாக.

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். படி அகலம் பத்தாது, கால் வழுக்கும் என்று இரண்டு மூன்று சாக்கு வாய்க்குள் தயாராக நின்றது. அந்தப் பெரியவரின் சிராய்ந்த கை ஞாபகம் வந்தது. இனி ஒரு பொய்யும் வேண்டாம் என்று தோன்றியது.

"இறங்கலாம்," என்றேன். "முதல்லயே தெரியும். எனக்குத்தான் இறங்கிப் போக மனசில்ல." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "ஏழு நாள்னு சொன்னது பொய். ஒருநாள் போதும். இந்த நாலு ட்யூபையும் நீங்க வந்த முதல் நாளே குடுத்திருக்கணும். குடுத்தா திரும்ப வரமாட்டீங்கன்னு குடுக்கல. அதனாலதான் அந்தப் பெரியவர் விழுந்தாரு. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. திட்டணும்னா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், துணியை எடுத்தார், துடைத்தார். இடது பக்கம் துடைத்தார், வலது பக்கம் துடைத்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கீழே அண்ணி கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பெரியவர்கிட்ட நாளைக்கு ரெண்டு பேரும் போய் மன்னிப்பு கேட்டுக்கலாம்," என்றார் கடைசியில்.

"தப்பு பண்ணது நான். ரெண்டு பேர் எதுக்கு?"

"இந்தத் தெரு முனையிலயே ஒரு ஹார்டுவேர் கடை இருக்கு. அங்க போய்க் கேட்டிருந்தா அன்னைக்கே வேலை முடிஞ்சிருக்கும். நான் போகல. செவ்வாய்க்கிழமை எப்போ வரும்னு உக்காந்திருந்தேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என்னைத் தாண்டிப் போய், மேல் படிக்குப் பின்னால் கவனமாக நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். இத்தனை நாளும் அண்ணியை அவர் 'பெயிண்ட் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, மச்சான் சாயங்காலம் வீட்டுல இருப்பாரா? பசை காஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் வந்து அவரைப் பாக்கறோம்னு சொல்லு."

அண்ணி கேரியரைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என் அண்ணனை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.